கை மெலிவதும் குணம் மாறுவதும்

பென்னாகரத்திலோ அரூரிலோ ஒருவருக்குக் கை மெலிந்து சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், உறவுக்காரர்கள் அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து சேலம், அதுவும் போதாவிட்டால் பெங்களூர் நிம்ஹான்ஸ். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் துக்க வீட்டில் சிரிக்கிறார், கேட்டவருக்கெல்லாம் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார், மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் என்ன ஏது என்று விசாரிப்பதில்லை என்றால் அவர் போய்ச் சேரும் இடம் வேறு. குடி என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். நல்ல காலம் இருந்தால் மனநல மருத்துவரிடம் வருவார். முதலாமவரின் சீட்டில் இயக்க நரம்பணு நோய் என்றும் இரண்டாமவரின் சீட்டில் முன்-பொட்டு மடல் மறதிநோய் என்றும் எழுதப்படலாம். இரண்டும் ஒரே நோயின் இரு முனைகளாக இருக்கக்கூடும் என்பது கடந்த இருபது ஆண்டுகளில் உறுதிப்பட்ட செய்தி. அதை உறுதிப்படுத்தியதில் ஒரு பங்கு நோய்க்கூற்றியலுக்கும் மரபியலுக்கும் உரியது. இன்னொரு பங்கு, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி இசைந்து இயங்குகின்றன என்று அளக்கும் இணைப்பாய்வுகளுக்கு உரியது. இந்த இரண்டாவது பங்கைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. என் வாதம் இதுதான்: இணைப்பாய்வுகள் தனி நோயாளி ஒருவருக்கு நோயைக் கண்டுசொல்லும் கருவியாக இன்னும் ஆகவில்லை, ஆனால் நோயைப் பற்றிய நம் எண்ணத்தை அவை மாற்றிவிட்டன, அந்த மாற்றம் ஸ்கேன் எட்டாத இடத்தில்தான் கூடுதலாகப் பயன்படும்.

இந்தப் பிரிவினை பழையது. பாரிஸில் ஷார்கோ 1869இல் தசை மெலிவையும் தண்டுவடத்துப் பக்க நரம்புக் கற்றைகளின் சிதைவையும் ஒன்றாகக் கோத்து, ஏ.எல்.எஸ். என்று பின்னர் பெயர்பெற்ற இயக்க நரம்பணு நோயை விவரித்தார். பிராக் நகரில் அர்னால்ட் பிக் 1892இல், பேச்சு சிதைந்துபோன ஒரு முதியவரின் மூளையில் சில மடல்கள் மட்டும் சுருங்கியிருந்ததை எழுதினார். அதற்குப் பின் நூறாண்டுக் காலம் முன்னது தண்டுவடத்தின் நோய், பின்னது மனத்தின் நோய். உடம்புதான் போகும், அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும் என்பது ஏ.எல்.எஸ். நோயாளியின் குடும்பத்துக்கு மருத்துவர்கள் சொல்லிவந்த ஒரே ஆறுதல். அந்த நோயோடு வாழ்ந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் புகழ் அதை உலகத்து நம்பிக்கையாகவே ஆக்கிவிட்டது. விலக்குகள் கண்ணில் படாமல் இல்லை. பசிபிக் தீவான குவாமில், சமோரோ மக்களிடையே, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தசை மெலிவும் பார்க்கின்சன் தன்மையும் மறதியும் ஒரே ஊரில், சிலசமயம் ஒரே குடும்பத்தில், கலந்து கிடந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஆனாலும் அது தீவின் விசித்திரமாகவே ஒதுக்கப்பட்டது. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, டிடிபி-43 என்ற புரதம் இரு நோய்களிலும் கட்டிக்கொண்டு கிடப்பதைக் காட்டியது. உயிரணுவின் உட்கருவுக்குள் இருக்க வேண்டிய அந்தப் புரதம் வெளியே வந்து திரள்கிறது. ஏ.எல்.எஸ். நோயாளிகள் ஏறத்தாழ எல்லோரிடமும், முன்-பொட்டு மடல் மறதிநோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் அது காணப்படுகிறது. 2011இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் குழுவும் தேசிய நலவாழ்வுக் கழகத்தை மையமாகக் கொண்ட குழுவும் சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தன. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்குக் கை போவதற்கும் தம்பிக்குக் குணம் போவதற்கும் அந்த ஒரு பிழையே காரணமாக முடியும். இன்று ஏ.எல்.எஸ். நோயாளிகளில் பாதிப் பேருக்கு அறிவிலோ நடத்தையிலோ ஏதோ ஒரு மாற்றம் உண்டு என்பதும், பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்கு முழு மறதிநோயே உண்டு என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டவை.

ஒரே புரதம் ஒருவருக்குக் கையிலும் இன்னொருவருக்குக் குணத்திலும் வெளிப்படுவது ஏன்? புரதமும் மரபணுவும் இதற்கு விடை தரவில்லை. விடைக்கு வழிகாட்டிய முதல் ஆய்வு 1995இல் வந்தது, அதுவும் தற்செயலாக இயக்கப் பகுதியைப் பற்றியே. விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பரத் பிஸ்வால், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பவர்களின் மூளையைப் பதிவுசெய்தார். வலக்கையை ஆளும் இடது மூளைப் பகுதியிலும் இடக்கையை ஆளும் வலது மூளைப் பகுதியிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மெல்ல மெல்ல ஏறி இறங்கியது. இரண்டும் ஒரே தாளத்தில். கருவியின் இரைச்சல் என்று பலர் தள்ளிவிட்ட அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் ஓய்வுநிலை இணைப்பாய்வு என்ற துறையே பிறந்தது. இப்படிச் சேர்ந்து துடிக்கும் பகுதிகளை ஒரு வலைப்பின்னல் என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வில்லியம் சீலியின் குழு 2009இல் ஐந்து வகை மறதிநோய்களில் மூளை எங்கெங்கே சுருங்குகிறது என்று பார்த்தது. ஒவ்வொரு நோயின் சுருக்க வரைபடமும் நல்ல மூளையில் ஏற்கெனவே உள்ள ஒரு வலைப்பின்னலோடு ஒத்துப்போனது. அடுத்த ஆண்டு அதே குழு இரண்டு நோய்களை எதிரெதிரே நிறுத்தியது. நடத்தை மாறும் முன்-பொட்டு மறதிநோயில், எது முக்கியம், எது அவமானம், எது ஆபத்து என்று உணரவைக்கும் வலைப்பின்னல் தளர்கிறது, நினைவோடும் தன்னைப் பற்றிய சிந்தனையோடும் தொடர்புடைய பின்பகுதி வலைப்பின்னல் இறுகுகிறது. அல்சைமர் நோயில் இது அப்படியே தலைகீழ். வழி தவறாமல் வீட்டுக்கு வந்துவிடும் ஒருவர் மனைவியின் அழுகையைக் கண்டு அசையாமல் இருப்பதும், வீட்டு வழியே மறந்த ஒருவர் வந்தவரை வாய் நிறைய வரவேற்பதும் இதனால் கொஞ்சம் புரியத் தொடங்கின.

இயக்க நரம்பணு நோயில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. நரம்பணு செத்தால் இணைப்பு குறைய வேண்டும் என்பதுதான் எவரும் எதிர்பார்ப்பது. சில ஆய்வுகளில் குறைந்தது, சிலவற்றில் கூடியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு 2010இல், இயக்க வலைப்பின்னல் இறுக்கமாக இணைந்திருக்கும் நோயாளிகளுக்கே நோய் வேகமாக முற்றுகிறது என்று சொன்னது. மிகச் சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வு அது. ஆனால் 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு பெரிய குழுவில் அதையே வேறுவிதமாகப் பார்த்தது: நரம்பு இழைகள் சிதைந்திருந்த அதே தடங்களில் துடிப்பின் ஒத்திசைவு கூடியிருந்தது, நோய் மெல்ல நகர்ந்தவர்களின் மூளையே நலமாக உள்ளவர்களின் மூளைக்கு நெருக்கமாக இருந்தது. கம்பி அறுந்த இடத்தில் பேச்சு கூடுவது எப்படி? ஈடுகட்டல் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். சேதமடைந்த மூளை பக்கத்துப் பகுதிகளை உதவிக்கு அழைக்கிறது என்பது கேட்க இதமானது. நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்லவும் இனிது. அப்படியென்றால் இணைப்பு கூடக்கூட நோயாளி நன்றாக இருக்க வேண்டும். தரவுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன. மூளைப் புறணியில் தூண்டும் நரம்பணுக்களோடு அடக்கும் நரம்பணுக்களும் உண்டு, அவை முதலில் கெடுகின்றன என்பதே எனக்கு வலுவாகப் படும் விளக்கம். மடைப்பலகை உடைந்தால் வாய்க்காலில் தண்ணீர் கூடத்தான் ஓடும். அதை வளம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். இதற்கு ஸ்கேனுக்கு வெளியிலிருந்து வந்த சாட்சியம் சிட்னியில் ஸ்டீவ் வூசிச், மேத்யூ கீர்னன் குழுவுடையது. தலைமேல் காந்தத் துடிப்பைக் கொடுத்து இயக்கப் புறணி எவ்வளவு எளிதில் சீறுகிறது என்று அளந்தார்கள். நோய் மரபணுவைச் சுமந்துகொண்டு இன்னும் நலமாக இருந்தவர்களில் சிலரிடம், தசை தளரத் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சீற்றம் கூடியிருந்ததை 2008இல் அவர்கள் காட்டினார்கள். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மருந்து, தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டின் வேலையைக் குறைத்து ஆயுளை இரண்டு மூன்று மாதம் நீட்டுவதும் இதோடு பொருந்துகிறது. ஆனாலும் சீற்றம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2021இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் ரெட்டிகபின் என்ற வலிப்பு மருந்து அந்தச் சீற்றத்தைத் தணித்தது. நோயின் வேகத்தைத் தணித்ததா என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனை நீண்டதில்லை.

இணைப்பு என்ற எண்ணத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிக்குப் போக வேண்டியதில்லை, நோயாளியின் உள்ளங்கையைப் பார்த்தால் போதும். ஏ.எல்.எஸ். நோயில் பெருவிரல் பக்கத்து மேடும், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையும் முதலில் வற்றிப் பள்ளமாகின்றன; சுண்டுவிரல் பக்கத்து மேடு அப்போதும் பெரும்பாலும் நிறைவாகவே இருக்கிறது. இரண்டு பக்கத்துத் தசைகளுக்கும் தண்டுவடத்தின் ஒரே மட்டங்களிலிருந்துதான் நரம்பு வருகிறது. ஒரு பகுதிக்கு நரம்புகூட ஒன்றேதான். கோளாறு தண்டுவடத்தில் மட்டும் என்றால் இரண்டும் சேர்ந்தே வற்ற வேண்டும். வேறுபாடு மேலே இருக்கிறது. ஊசியில் நூல் கோப்பதும் உப்பு எடுத்துப் போடுவதும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தப் பிடிக்கு மூளைப் புறணியிலிருந்து நேரடி இணைப்புகள் ஏராளம். இன்னொரு பக்கம், கண்ணை உருட்டும் தசைகளும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் தசையும் நோய் முற்றிய நிலையிலும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. அவற்றை இயக்கும் நரம்பணுக்களுக்குப் புறணியின் நேரடி இணைப்பு கிடையாது. நோய் புறணியில் தொடங்கிக் கீழே இறங்குகிறது என்று ஆண்ட்ரூ ஐசன் 1992இல் முன்வைத்த கருதுகோள் இந்த வகைக் கவனிப்புகளில்தான் வலுப்பெற்றது. 2013இல் பிரெட்ஷ்னைடர், பிராக் முதலானோர் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, டிடிபி-43 திரள் இயக்கப் புறணியில் தொடங்கி, முன்மடலுக்கும் பின்னர் நினைவுப் பகுதிக்கும் போகும் நான்கு கட்டங்களை வரைந்தார்கள். ஒவ்வொரு மூளையையும் ஒருமுறைதானே பார்க்க முடியும், அது பயணம்தான் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் உண்டு. சில அணுக்கள் இயல்பிலேயே நொய்ந்தவை, அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன, எதுவும் எங்கும் பரவவில்லை என்பது அவர்கள் கட்சி. நியாயமான மறுப்பு. ஆனால் பெருவிரல் மேட்டுக்கும் சுண்டுவிரல் மேட்டுக்கும் போகும் தண்டுவட அணுக்களுக்குள் அப்படியொரு பெரிய இயல்பு வேறுபாடு காட்டப்பட்டதாகத் தெரியவில்லை; வேறுபடுவது அவற்றுக்கு மேலிருந்து வரும் இணைப்புதான். நொய்மையும் உண்டு, தடமும் உண்டு என்பதே நடுநிலையான தீர்ப்பு.

இனி ஸ்கேனின் வரம்பு. மேலே சொன்ன ஸ்கேன் முடிவுகள் யாவும் குழுச் சராசரிகள். இருபது நோயாளிகளையும் இருபது நலமானவர்களையும் எதிரெதிரே வைத்தால் தெரியும் வேறுபாடு, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் தெரியாது. தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே இணைப்பின் கணக்கு மாறிவிடும். இயக்க நரம்பணு நோயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, ஆய்வுக் கட்டுரைகள் அதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகின்றன: மூச்சுத் தசை தளர்ந்தவரால் மல்லாந்து படுக்க முடியாது. ஆகவே ஸ்கேனுக்குள் போகிறவர்கள் நோய் முற்றாத நிலையில் இருப்பவர்கள் மட்டுமே; அவர்களிலும் மூச்சு குறையும்போது இரத்தத்தில் கரியமில வாயு ஏறி, எம்.ஆர்.ஐ. அளக்கும் ஆக்சிஜன் சமிக்ஞையையே குழப்புகிறது. மூளையின் மாற்றம் எது, நுரையீரலின் மாற்றம் எது என்று பிரிப்பது கடினம். இந்த விஷயத்தில் பழைய இ.இ.ஜி. மேல். நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம், அணுக்களின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கலாம், செலவும் குறைவு. டப்ளினின் டிரினிட்டி கல்லூரிக் குழு 2022இல் ஓய்வுநிலை இ.இ.ஜி. பதிவுகளை மட்டும் கொண்டு ஏ.எல்.எஸ். நோயாளிகளை நான்கு உட்குழுக்களாகப் பிரித்துக் காட்டியது. அறிவும் நடத்தையும் கெடும் விதமும் குழுவுக்குக் குழு மாறியது. இந்தத் துறையில் மாவட்டத் தலைநகர மருத்துவமனைக்கு என்றாவது வந்து சேரக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்கும்.

இதுவரை பார்த்த ஆய்வுகளில் உள்ளவையெல்லாம் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய மூளைகள். நம் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. ஒதுக்கக் கூடாது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. இராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் இளவயதினரிடம் கண்ட ஒரு தனிவகையை எழுதினார்கள். உலக மருத்துவ நூல்களில் அது மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே நிலைத்துவிட்டது. பத்துப் பதினைந்து வயதில் தொடக்கம், ஒல்லியான கை கால், முகமும் நாக்கும் தளர்ந்து பேச்சு குழறல், அதோடு காது கேளாமை. ஆனால் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளில்தான் இது அதிகம். ஏ.எல்.எஸ். நோயும் இங்கே வேறு முகம் காட்டுகிறது. நிம்ஹான்ஸ் முப்பது ஆண்டுகளில் பார்த்த 1,153 நோயாளிகளை நளினி குழுவினர் 2008இல் தொகுத்தபோது நோய் தொடங்கும் சராசரி வயது 46 என்று வந்தது. மேலை நாடுகளைவிட இது பத்தாண்டுக்கும் மேல் இளமை. அங்கே குடும்ப வழி ஏ.எல்.எஸ். நோயில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்துக்குக் காரணமான சி9ஓஆர்எஃப்72 பிழை இந்தியாவில் அரிது. அப்படியானால் இயக்கமும் மறதியும் ஒன்று என்ற வாதம் இங்கே உடைகிறதா? நான் நேர்மாறாகப் படிக்கிறேன். மெட்ராஸ் வகையின் விவரிப்புகளில் மறதிநோய் ஓர் அங்கமாக வருவதில்லை. எஸ்ஓடி1 மரபணுப் பிழையால் வரும் ஏ.எல்.எஸ். நோயிலும் மறதிநோய் அரிது. அங்கே திரள்வது டிடிபி-43 புரதமும் இல்லை. ஆகவே கை மெலியும் எல்லா நோயும் குணத்தைத் தொடுவதில்லை, டிடிபி-43 தடத்தில் போகும் நோயே தொடுகிறது. இயக்க நரம்பணு நோய் என்பது ஒரு குடைப்பெயர், அதன் கீழ் நிற்பவர்கள் ஒரே குடும்பம் இல்லை. இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: காது கேளாமையோடு நாக்கும் முகமும் தளரும் பிள்ளைகளில் சிலருக்கு ரிபோஃபிளேவின் வைட்டமினை உயிரணுவுக்குள் கடத்தும் புரதத்தில் பிழை இருக்கும், அவர்களுக்கு அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்தாலே நோய் நிற்கவும் திரும்பவும் வாய்ப்புண்டு. மெட்ராஸ் வகை என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தர்மபுரிக்கு என்றே ஒரு சிக்கலும் உண்டு, அது நிலத்தடி நீரிலிருந்து வருவது. கருங்கல் பூமியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு, பாதுகாப்பான அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைப் பல ஊர்களில் தாண்டியிருந்தது. மஞ்சள் பூத்த பற்கள்தான் எல்லோரும் அறிந்த அடையாளம். பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, தசைநார்களும் எலும்பாகி, கழுத்தில் தண்டுவடத்தை நெரிக்கத் தொடங்கும். எலும்பு ஃபுளோரோசிஸை 1937இலேயே நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட்டும் சகாக்களும் விவரித்துவிட்டார்கள். நெரிபட்ட தண்டுவடம் காட்டும் படம் இது: கை தசை மெலிகிறது, கால் விறைக்கிறது. ஏ.எல்.எஸ். நோயின் பாடப்புத்தகப் படமும் இதுவேதான். ஒன்றுக்கு அறுவை சிகிச்சையால் பயன் இருக்கலாம், மற்றதற்கு இல்லை என்பதால் இங்கே தவறுவது சின்னத் தவறாகாது. ஃபுளோரோசிஸ் என்றால் தாடையை மார்பில் தொட முடியாது, குனிந்து கால் விரலைத் தொட முடியாது. மரத்துப்போகும், சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம். முன்கையை எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள சவ்வு எலும்பாகி, முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஏ.எல்.எஸ். என்றால் நாக்கில் தசை புழுப்போல் நெளியும், உணர்ச்சி கெடாது. இந்தப் பட்டியலில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று: கழுத்தில் தண்டுவடம் நெரிபட்டால் மனிதரின் குணம் மாறாது. கை மெலிந்தவருக்குப் பேச்சு குறைந்து, அக்கறை போய், இனிப்பின் மேல் புது வெறியும் வந்திருந்தால் பார்க்க வேண்டியது கழுத்துக்கு மேலே. ஃபுளோரைடே மூளையையும் கெடுத்து ஏ.எல்.எஸ். நோயைக் கொண்டுவருகிறதோ என்ற சந்தேகம் சிலருக்கு எழலாம். 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் மிதமான உறுதியோடு சொன்னது. அந்தத் தொடர்பை ஏ.எல்.எஸ். வரை இழுக்க ஆதாரம் கிடையாது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டது என்பது உண்மை. அதற்கு முன் முப்பது நாற்பது ஆண்டுகள் போர் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பு அதனால் பழையபடி ஆகிவிடாது. ஏ.எல்.எஸ். வரும் வயதில் இன்று இருப்பவர்கள் அவர்கள்தான்.

மறதிநோய்ப் பக்கம் திரும்பினால் எண்ணிக்கையே மாறுகிறது. ஏ.எல்.எஸ். மேலை நாடுகளில் லட்சத்துக்கு நான்கைந்து பேருக்கு இருக்கிறது. அதே விகிதத்தைப் பொருத்தினால் 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர் இருந்த தர்மபுரி மாவட்டத்தில் எழுபது பேரைத் தேட வேண்டியிருக்கும். மறதிநோயோ 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இருப்பதாக 2023இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. அதைப் பொருத்தினால் மாவட்டத்துக்குள் பத்தாயிரத்தை ஒட்டி வரும். இவர்களில் முன்-பொட்டு வகையினர் சிறுபான்மையே. ஆனால் அவர்களே தவறவிடப்படுகிறவர்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தொடக்கத்தில் மறதி பெரும்பாலும் இருப்பதில்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்று சரியாகச் சொல்வார்கள். கண்டுபிடிக்க உதவும் சோதனைகளும் இங்கே சறுக்குகின்றன. ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்காக எடின்பரோவில் 2014இல் வடிவமைக்கப்பட்ட, இருபது நிமிடத்துக்குள் முடியும் சோதனை, குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. 2011இல் மாநிலத்திலேயே குறைந்த எழுத்தறிவு, 68.5 சதவீதம், பதிவான மாவட்டம் தர்மபுரி. அதிலும் இன்று அறுபதைக் கடந்த பெண்களில் பலர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். ‘ப’வில் தொடங்கும் சொல் கேட்டால் அவர்கள் தடுமாறுவது நோயாலா, எழுத்து தெரியாததாலா? விலங்குகளின் பெயர், சந்தையில் வாங்கும் காய்கறிகளின் பெயர் என்று கேட்டால் நியாயம். அடன்புரூக் என்ற அறிவுத்திறன் சோதனையைத் தமிழ் உட்பட ஏழு மொழிகளில் இந்திய ஆய்வாளர்கள் சரிப்படுத்தியிருப்பது இந்தத் திசையில் நல்ல தொடக்கம். மாவட்டத்தின் இன்னொரு இயல்பு ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்: தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகிற எல்லைப் பகுதி இது. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாதில் 648 மறதிநோயாளிகளைப் பார்த்து, இருமொழி பேசுபவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டு தள்ளி வருவதை 2013இல் காட்டினார்கள்; படிக்காதவர்களிடமும் அது செல்லுபடியானது. முன்-பொட்டு நோயில் நடத்தை மாறும் வகைக்கு மட்டும் அந்தத் தள்ளிப்போடல் உண்டு, பேச்சு கெடும் வகைக்கு இல்லை என்று பின்னர் வந்த அவர்களது ஆய்வு சொன்னது. எந்த மொழியில் யாரிடம் பேசுவது என்று ஓயாமல் தேர்ந்தெடுக்கும் பழக்கம் முன்மடல் இணைப்புகளுக்குப் பயிற்சி என்றால் இந்த முடிவு பொருந்தத்தான் செய்கிறது. கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், 45 வயதைக் கடந்த கிராமத்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. கிராமத்து நல்ல மூளை எப்படி இணைந்திருக்கும் என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தால்தான் நோயுற்ற மூளையை எதனோடு ஒப்பிடுவது என்பதே தெரியும். விஸ்கான்சின் மாணவரின் மூளை அதற்கு உதவாது.

குணமாக்கும் மருந்தில்லாத நோய்க்கு இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். மாவட்ட மருத்துவமனையில் நாளெல்லாம் நின்று பார்க்கும் மருத்துவர் அப்படிக் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய நோயில்தான் எடுக்க வேண்டிய முடிவுகள் அதிகம். விழுங்க முடியாதபோது வயிற்றில் குழாய் வைப்பதா, இரவில் மூச்சுக் கருவி போடுவதா, நிலத்தை யார் பேருக்கு எழுதுவது என்பவை நோயாளி தானே சொல்ல வேண்டியவை. குணம் மாறிய ஏ.எல்.எஸ். நோயாளி மூச்சுக் கருவியைப் பிடுங்கி எறிவார், கட்டியாக உருட்டி வேகமாக விழுங்குவார், கேட்ட இடத்தில் கைநாட்டு வைப்பார். ஏ.எல்.எஸ். நோயோடு முன்-பொட்டு மறதியும் சேர்ந்தவர்களின் ஆயுள் குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. அதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் முன்மடலுக்குப் போய்விட்டது என்று முன்கூட்டியே அறிந்தால், பத்திரப் பதிவும் சம்மதமும் தெளிவாக இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம். பெண்டாட்டி பிள்ளைகள் அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார் என்று மனம் கசந்துபோகாமல் இருக்கலாம். இதற்கு வேண்டியது புதிய கருவி இல்லை, வீட்டுக்குள் நுழைந்து கேட்கும் ஆள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004 வரை அந்த மண்ணும் தர்மபுரி மாவட்டம்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கை மெலிந்த ஒருவர் வீட்டில், ஆறு மாதத்துக்கு முன் இருந்த ஆளாகத்தான் இப்போதும் இருக்கிறாரா என்று அவர்கள் மனைவியிடம் தனியாகக் கேட்கலாம். குணம் மாறிய ஒருவர் வீட்டில், அவரை ஒரு நூலை ஊசியில் கோக்கச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டில் எதற்கு விடை சரியில்லை என்றாலும், மருத்துவமனைச் சீட்டில் நரம்பு, மனநலம் இரண்டு பிரிவுகளின் பெயரையும் எழுதி அனுப்ப வேண்டும். கழுத்துக்கும் முன்கைக்கும் எக்ஸ்ரே சேர்த்து.